அறுபத்தோரு சீட்டு

பி.ஏ. பொருளியல், இரண்டாம் பருவம்.
துணைப்பாடம் புள்ளியியல்.
காரைக்குடி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு
இதை வைத்தவருக்கு எங்கள்மேல்
ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும்.
நாலு மின்விசிறியில் மூன்று சுற்றும்.
எழுபத்தைந்து சதவீதம் என்றான் சோலையப்பன்.

புத்தகக் கணக்கில் கோதுமை விளைச்சல்.
கோதுமையை மாவாக மட்டுமே பார்த்த எங்களிடம்
மேடம் வேறு எண் கேட்டார்:
வீட்டின் மாத வருமானம். பெயர் வேண்டாம்.
கால்தாளில் எழுதி, நாலாய் மடித்து,
சாக்பீஸ் டப்பாவில் போடவும்.

அறுபத்தோரு பேரும் ஒரே சமயத்தில்
இடது கையால் வலது கையை மறைத்தோம்.
கொப்பாத்தாள் என் பேனாவை வாங்கினாள்.
எழுதுமுன் எழுந்து கேட்டாள்:
"வட்டி கட்டுறதக் கழிச்சு எழுதணுமா மேடம்,
கழிக்காமயா?"
சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள்
மடித்த சீட்டைப் பிரித்துப் பார்த்தார்கள்.
பாடத்திட்டத்தில் அதற்கு விடை இல்லை.
அவள் கழித்தாள். நாலாயிரத்து ஐந்நூறு.
பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

கூட்டுச் சராசரி
பதினெட்டாயிரத்து நானூறு.
யார் வீட்டில் இவ்வளவு என்று
எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம்.
கடைசிச் சீட்டில் மூன்று லட்சம்.
பழைய வீடுகளைப் பிரித்து
தூணும் நிலைக்கதவும் லாரி ஏற்றுகிறவரின் பிள்ளை
மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
அவனை மட்டும் எடுத்துவிட்டால்
பதின்மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
ஷேர் ஆட்டோவில் கனத்த ஆள் ஒருவர் ஏறியதும்
வண்டி அவர் பக்கம் சாயுமே, அப்படி.

முகடு பத்தாயிரம். ஒன்பது பேர்.
முகடு என்றால் எனக்குத் தெரிந்தது
ஓட்டு வீட்டின் உச்சி,
ஐப்பசியில் முதலில் ஒழுகும் இடம்.

பிறகு இடைநிலை.
வரிசையில் முப்பத்தொன்றாம் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.
பன்னிரண்டாயிரம்.
அந்த இரண்டின் வால் என்னுடையது.
முப்பது பேர் எனக்குக் கீழே,
முப்பது பேர் எனக்கு மேலே.
ஓட்டப்பந்தயத்தில்கூட யாரும் எனக்கு
இத்தனை சரியாக இடம் சொன்னதில்லை.
வீட்டில் சொன்னேன்.
"அப்படின்னா நல்லதா கெட்டதா?" என்றாள் அம்மா.
அது அடுத்த அலகு என்று சமாளித்தேன்.

மாசி பிறந்தபின் கொப்பாத்தாள் வரவில்லை.
புதுவயல் அரிசி ஆலையில்
அப்பாவின் இடுப்பில் மூட்டை விழுந்தது என்றார்கள்.
சூலூர்ப் பக்கம் மில்லில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள்.
இரண்டும் கேள்விப்பட்டவை; சரிபார்க்கவில்லை.
வருகைப்பதிவேட்டில் மூன்று வாரம் வெற்றுக் கட்டங்கள்,
அப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு.

அன்றிரவு பழைய பக்கத்தைத் திறந்தேன்.
மொத்தத்தில் நாலாயிரத்து ஐந்நூறைக் கழித்தேன்.
அறுபதால் வகுத்தேன்.
பதினெட்டாயிரத்து அறுநூற்று முப்பத்தொன்று,
புள்ளிக்குப் பிறகு
கால்குலேட்டர் திரை தீரும்வரை ஆறு ஆறாக.
இருநூற்று முப்பத்தொரு ரூபாய் உயர்ந்திருக்கிறோம்.
யாருக்கும் ஒரு பைசா வராமல்.
தட்டுவதில் தவறோ என்று மறுபடி போட்டேன்.
அதே உயர்வு.

இடைநிலையும் இப்போது என் கையில் இல்லை.
எனக்கும், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு எழுதிய
முகம் தெரியாத ஒருவருக்கும் நடுவில்
வகுப்பில் யாருமே எழுதாத எண்ணில் நிற்கிறது.

ஏப்ரல் தேர்வில் ஏழாம் கேள்வி:
ஒரு தொழிற்சாலையில் அறுபத்தொரு பல்புகள்;
ஒன்றை நீக்கினால் புதிய சராசரி காண்க.
ஐந்து மதிப்பெண்.
நீக்கிய பல்பு எங்கே போனது என்று
கேள்வியில் இல்லை.
ஐந்தும் கிடைத்தது எனக்கு.
விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்,
புதிதாக வாங்கிய பேனாவால்.